பத்துக்கு எத்தனை, சிஸ்டர்?

இன்று காலை ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை மூக்கில் ஏறியது, சிஸ்டர். தஞ்சாவூர் ரோட்டில் அந்த வாசனை வந்ததுமே என் கை தானாக சைக்கிள் பிரேக்கைப் பிடித்துவிட்டது. எவ்வளவு வேகத்தில் வந்தாலும் அந்த இடத்தில் நீங்கள் நின்றுவிடுவீர்கள். "இந்தப் புகையும் ஒரு பலகாரந்தான் டீச்சர், நின்னு சாப்பிட்டுப் போவோம்" என்பீர்கள். கண்ணை மூடி இழுப்பீர்கள். பிறகு இருமுவீர்கள். இருமிக்கொண்டே சிரிப்பீர்கள்.

இன்றைக்குத் தனியாகத்தான் நின்றேன். ஆனால் மனம் கனக்கவில்லை. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்து குளித்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடையில். எனக்குப் பணி ஓய்வு கிடைத்த வருடம் அது. கணக்கு டீச்சராக இருந்தவளுக்குத் திடீரென்று மணியடிக்காத நாட்கள். சர்க்கரை வேறு எட்டிப் பார்த்தது. கியர் சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று போனேன். அங்கே நீங்கள் ஒரு சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஊசி போடும் இடத்தைத் தேடுகிற மாதிரி. பிறகு கடைக்காரரிடம் கேட்டீர்கள்:

"ஏம்ப்பா, இது ஒக்கார்றதுக்கா, ஊசி போடுறதுக்கா?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "சிரிக்காதீங்கம்மா, நீங்களும் இதுலதான் ஒக்காரணும்" என்றீர்கள். அவ்வளவுதான் அறிமுகம். இரண்டு பேரும் மெத்தை வைத்த சீட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்றாக வெளியே வந்தோம். ஆவூர்க்காரி நீங்கள், நர்ஸாக மாவட்டம் முழுக்கச் சுற்றி ஓய்வு பெற்று, டவுனில் மகன் வீட்டோடு இருந்தீர்கள். ஊரே உங்களை சிஸ்டர் என்றது, நானும் அப்படியே. எனக்கு நீங்கள் வைத்த பெயர் டீச்சர். கடைசிவரை நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவேயில்லை.

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகிய இந்த மாவட்டத்துப் பெண்களில் நாம் இரண்டு பேரும் உண்டு. அதற்குப் பிறகு வேலை, பிள்ளைகள், ஸ்கூட்டி என்று போய்விட்டது. இத்தனை வருடம் கழித்து மறுபடி ஏறிய முதல் காலை, புதுக்குளத்துக் கரையில் நாம் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கா, பயத்துக்கா என்று நீங்கள் கேட்டீர்கள்.

கடல் ஆசை உங்களுடையது. திருவப்பூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு காலை அதைச் சொன்னீர்கள்.

"மணமேல்குடிப் பக்கம் முகாமுக்கு எத்தனையோ தடவ ஜீப்புல போயிருக்கேன் டீச்சர். மடியில தடுப்பூசிப் பெட்டி இருக்கும். கடலு சன்னல்ல வரும், போயிரும். ஒருதடவகூட எறங்குனதில்ல."

"பஸ்ஸுல ஒருநாள் போயிட்டு வந்தாப் போச்சு."

"பஸ்ஸுல போனா அது டூட்டிக்குப் போற மாதிரியில்ல இருக்கும்? நானே மிதிச்சுப் போயி எறங்கணும்."

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து கடல். இளவட்டங்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அறுபதைத் தாண்டிய நமக்கு அது பெரிய சங்கதி. அதனால்தான் இதைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தேன். நம் வயதில் ஓட்டுவதைவிட ஓட்டியபின் உடம்பு மீண்டு வருவதுதான் கஷ்டம். இருபது வயதில் ஒரு ராத்திரி தூங்கினால் தீர்கிற களைப்பு, அறுபதில் இரண்டு மூன்று நாள் வீட்டு விருந்தாளி மாதிரி தங்கிவிடுகிறது. அது போவதற்குள் மேலே மேலே ஏற்றினால் கால் வலுக்காது, தேயும். ஆகவே ஒவ்வொரு வாரமும் எவ்வளவு சுமை ஏற்றினோம், எவ்வளவு இறக்கினோம் என்று கணக்கு வைக்க வேண்டும் என்றேன்.

"சுமையா? நான் என்ன மூட்டையா தூக்குறேன்?" என்றீர்கள்.

கணக்கு சுலபமானது. ஓட்டி முடித்து அரைமணி நேரம் கழித்து, இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நமக்கு நாமே பத்துக்கு மார்க் போட வேண்டும். சும்மா நடந்த மாதிரி என்றால் இரண்டு, உயிர் போய் உயிர் வந்தது என்றால் பத்து. அந்த மார்க்கை ஓட்டிய நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. ஒரு வாரத்தின் கூட்டுத்தொகை முந்தைய வாரங்களைவிட எகிறிவிடக் கூடாது. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே நாடியைப் பார்க்க வேண்டும். வழக்கத்தைவிடத் துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு.

"ஏன் அரைமணி நேரம் கழிச்சு?"

"எறங்குன ஒடனே கேட்டா, கடைசி மேட்டுல பட்ட கஷ்டம் மட்டுந்தான் ஞாபகம் இருக்கும். கொஞ்சம் ஆறுனாத்தான் முழு மார்க்கு சரியா வரும்."

"பரீட்ச பேப்பர் திருத்துற மாதிரியே இருக்கீங்களே."

அப்படித்தான் இருந்தேன். டீக்கடையில் உங்கள் டம்ளர் பாதி காலியானதும் கேட்பேன்: "பத்துக்கு எத்தனை, சிஸ்டர்?" நீங்கள் யோசிக்காமல் சொல்வீர்கள்: "மூணு." ஆதனக்கோட்டை வரை போய் வந்தாலும் மூணு. எதிர்க்காற்றில் திருமயம் போய் வந்தாலும் மூணு. எனக்கு ஆறும் ஏழும் வரும் நாட்களில்கூட உங்களுக்கு மூணுதான். என்ன உடம்பு இது, இரும்பில் செய்ததா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. காலை நாடியைக் கேட்டால், "அதெல்லாம் நல்லா இருக்கு" என்பீர்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நாடியைப் பிடித்த கை, தன் நாடியை ஒருநாளும் பிடித்ததில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆவணியில் கடலுக்குக் கிளம்பினோம். விடிவதற்குள் டவுனைத் தாண்டிவிட்டோம். நீங்கள் முன்னால் பாடிக்கொண்டே போனீர்கள். வெயில் ஏற ஏறப் பாட்டு குறைந்தது. அறந்தாங்கி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும்போது உங்கள் சைக்கிள் லேசாக ஆடியது. நான் பக்கத்தில் வருவதற்குள் நீங்களே இறங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்பை எண்ணவே முடியவில்லை, அவ்வளவு ஓட்டம்.

"சிஸ்டர், நேத்து தூங்குனீங்களா இல்லையா?"

"தூங்குனேனே."

"எத்தன மணி நேரம்?"

அப்போதுதான் மெல்ல மெல்ல வந்தது. மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். மூத்த பேரனுக்குக் காய்ச்சல், அந்த வாரம் முழுக்க அவன் பக்கத்தில் கண்விழிப்பு. காலையில் சமையல், துணி. மாவு மில்லுக்கு நடை. சொந்தத்தில் ஒரு காதணி விழாவுக்குப் போய் அங்கேயும் அடுப்படி. இதற்கு நடுவில்தான் என்னோடு வந்து ஓட்டிவிட்டு, மூணு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சிஸ்டர் பொய் சொன்னீங்க? நான் கேட்டேன்ல தெனமும்?"

நீங்கள் காலை நீவிக்கொண்டீர்கள். பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பொய் இல்லீங்க டீச்சர். எனக்குக் களைப்புன்னா எப்புடிச் சொல்றதுன்னே தெரியல. வார்டுல சிஸ்டர் களைச்சுப் போனா நோயாளி பயந்துருவான். வீட்டுல அம்மா களைச்சுப் போனா புள்ளைக பயந்துரும். அதான் யாரு கேட்டாலும் வாயி தன்னால நல்லாருக்கேன்னு சொல்லிருது. நீங்க நம்பர் கேட்டீங்க. மூணுன்னு சொன்னேன்."

எனக்கும் அது புதிதான சேதி இல்லையே. நானும் அப்படித்தானே இருந்திருக்கிறேன், நம் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் அப்படித்தானே. வழியில் போன ஒரு குட்டியானை சரக்கு வண்டியை நிறுத்தினோம். பின்னால் வைக்கோல் கட்டுக்கு நடுவில் நம் சைக்கிள்கள், அதற்கு நடுவில் நாம். டிரைவர் தம்பி கண்ணாடியில் பார்த்துக் கேட்டது: "எங்கிட்டுப் போகக் கெளம்புனீங்க பெரியம்மா?" நீங்கள் மல்லாந்து படுத்தபடி, "கடலுக்குப்பா. கடலு இன்னைக்கு லீவாம்" என்றீர்கள். வைக்கோல் மேல் புரண்டு புரண்டு சிரித்தோம். கால் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் "ஐயோ"வும் சிரிப்புமாகவே வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு கணக்கின் விதியையே மாற்றினோம். சைக்கிளுக்கு மட்டும் மார்க் இல்லை, அன்றைய நாளுக்கே மார்க். அடுப்படி, துணி, கண்விழிப்பு, கல்யாண வீடு எல்லாம் சேர்த்தி. உடம்புக்கு எந்தச் சுமை சைக்கிளால் வந்தது, எது குடத்தால் வந்தது என்று தெரியாது. அது மொத்தமாகத்தான் வாங்கிக்கொள்கிறது. தினமும் காலையில் உங்கள் நாடியை நீங்களே பிடித்துப் பார்த்து எனக்கு போனில் சொல்ல வேண்டும். முதல் வாரம் திணறினீர்கள். "மூ..." என்று வாய் எடுத்துவிட்டு நிறுத்துவீர்கள். வானத்தைப் பார்ப்பீர்கள். உடம்பை உள்ளே தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு முகம் வரும். பிறகு, "அஞ்சு இருக்கும்போல டீச்சர்" என்பீர்கள், ஏதோ ரகசியம் சொல்கிற குரலில்.

கொஞ்ச நாளில் உங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஆவூர்த் திருவிழாவுக்குச் சொந்தமெல்லாம் வந்து நீங்கள் பிரியாணி ஆக்கிய மறுநாள் போன் செய்தீர்கள். "சைக்கிள தொடவே இல்ல டீச்சர், ஆனா எட்டு! அதுல ரெண்டு மார்க்கு எங்க நாத்தனார் பேச்சுக்கு." அன்று மாலையே உங்கள் மகன் என்னைக் கூப்பிட்டான். குரலில் உண்மையான கவலை.

"டீச்சர், அம்மாவுக்கு என்ன ஆச்சு? பகல்ல கட்டில்ல படுத்துக்கிட்டு, இன்னைக்கு எனக்கு ரெஸ்ட் டேங்கிறாங்க. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகவா?"

"வேணாம்ப்பா. நீ என்ன பண்ணுன?"

"ரசம் வச்சேன்."

பின்னால் உங்கள் குரல் கேட்டது: "ரசத்துக்கு நாலு மார்க்குன்னு சொல்லுடா!"

அந்த வீட்டில் நீங்கள் படுத்து யாரும் பார்த்ததில்லை என்று அவன் பிறகு என்னிடம் சொன்னான். வாரத்தில் இரண்டு நாள் அடுப்படி அவன் கைக்குப் போனது. ரசத்தின் மார்க் ஆறு வரை ஏறியது. அதற்கு மேல் நீங்கள் போடவில்லை, கெட்டுப்போய்விடுவான் என்று.

தையில் மறுபடி கிளம்பினோம். இந்த முறை அதற்கு முந்தைய வாரம் சுமையைப் பாதியாக இறக்கியிருந்தோம். உங்களுக்கு அது பெரிய தண்டனை. "கால் துறுதுறுங்குது டீச்சர், ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று கெஞ்சினீர்கள். அந்தத் துறுதுறுப்பைத்தான் சேர்த்து வைக்கிறோம் என்றேன். பனி விலகாத ரோட்டில் நீங்கள் மெதுவாகப் போனீர்கள். களைப்பு வரும் முன்பே இறங்கினீர்கள். "இப்ப நாலு. அஞ்சாகிறதுக்குள்ள ஒரு இளனி" என்று நீங்களே சொன்னீர்கள். அறந்தாங்கியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் நம் ஹெல்மெட்டைப் பார்த்து, சைக்கிளில் கடலுக்கா என்று கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு வெளியேதான் இருக்கிறது என்று அக்கறையோடு வழி சொன்னார்.

உப்புக் காற்று முகத்தில் பட்டதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். மணல் வந்ததும் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்து, கையில் துண்டைக்கூட எடுத்துக்கொண்டேன். கரையில் நின்று இடுப்பில் கை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். அலை என்று சொல்ல எதுவும் இல்லை. தண்ணீர் சும்மா நக்கிவிட்டுப் போனது.

"என்ன டீச்சர் இது! நம்ம கம்மா மாதிரியில்ல இருக்கு!"

இத்தனை பாடும் பட்டு, இத்தனை கணக்கும் போட்டு வந்து சேர்ந்தது ஒரு பெரிய கண்மாய்க்கு. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன், சிரிப்பில் வயிறு வலித்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வந்து விசாரித்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் என்றதும் ஒருத்தி கேட்டாள்: "ஏந்தாயி, பஸ்ஸு ஓடலையா?" நீங்கள் சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் போய், உள்ளே இருந்தபடியே கத்தினீர்கள்: "ஓடுது ஆத்தா! நாங்கதான் அத ஓடவிட்டுட்டு வந்தோம்!"

அரைமணி நேரம் கழித்து வழக்கம்போலக் கேட்டேன். நீங்கள் அவசரப்படவில்லை. ஈரக் காலை மணலில் நீட்டி, நன்றாக யோசித்துச் சொன்னீர்கள்.

"ஏழு. நல்ல ஏழு, டீச்சர். இது மாதிரி களைப்ப என் ஆயுசுல நான் பட்டதில்ல. யாருக்காகவும் இல்லாத களைப்பு."

அடுத்த ஒரு வருடம் நமக்குப் பொற்காலம். கந்தர்வகோட்டை, திருமயம், ஆவூர்க் கோயில் வாசல் என்று சுற்றாத ரோடு இல்லை. பிறகு ஒரு புரட்டாசிக் காலையில் நீங்கள் போன் செய்தீர்கள். குரலில் விளையாட்டு இல்லை.

"டீச்சர், நேத்து ரெஸ்ட். முந்தாநேத்தும் ரெஸ்ட். ஆனா ஏழு. இது சைக்கிள் ஏழு இல்ல, வீட்டு ஏழும் இல்ல. எங்கருந்து வருதுன்னு தெரியல. நாடியும் ஓடுது."

பழைய சிஸ்டராக இருந்தால் மூணு என்று சொல்லிவிட்டு மாவு மில்லுக்குப் போயிருப்பீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். பிறகு திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்திலேயே வந்த நோய். டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொதுவா வயசாயிருச்சுன்னு நெனச்சு ரொம்ப நாள் விட்டுருவாங்க. நீங்க எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"டீச்சர் தெனமும் மார்க்கு கேட்டாங்க சார்" என்றீர்கள்.

முழுசாகத் தீரவில்லை, உங்களுக்கு அது முதலிலேயே தெரியும். ஆனால் சீக்கிரம் போனதால் நமக்குக் கூடுதலாக ஒரு வருடத்துக்கும் மேல் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தை நீங்கள் வீணாக்கவில்லை. மருந்து ஏறி உடம்பு தேறிய நாட்களில், "இன்னைக்கு ரெண்டுக்குள்ள ஓட்டுவோம்" என்று புதுக்குளத்தை ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவோம். அவ்வளவு மெதுவாகப் போனதில் எனக்கு அந்தக் கரையில் இருக்கும் மரங்கள் எல்லாம் பழக்கமாகிவிட்டன. நடக்கிறவர்கள் நம்மை முந்திப் போனார்கள். நீங்கள் ஒவ்வொருவருக்கும் மணி அடித்து வழி கொடுத்தீர்கள்.

வார்டில் நீங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மருந்து போட வந்த அந்தச் சின்னப் பெண், நர்ஸ், கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். நீங்கள் கையை நீட்டவில்லை.

"மொதல்ல சொல்லு. பத்துக்கு எத்தன?"

"என்னது பாட்டி?"

"ஒன் களைப்பு. பத்துக்கு எத்தன?"

அவள் வழக்கம்போலச் சிரித்து, "நல்லாருக்கேன் பாட்டி" என்றாள். நீங்கள் விடவில்லை. "நானும் முப்பது வருஷம் இப்புடித்தான் சொன்னேன். பொய் சொல்லாத" என்றீர்கள். அவள் ஊசிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மெதுவாக, "ஒம்போது" என்றாள். சொன்னதும் அவளுக்கே ஆச்சரியம். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு அவளை உட்கார வைத்து, என் ஃபிளாஸ்க்கிலிருந்த காபியைக் கொடுக்கச் சொன்னீர்கள். அடுத்த நாள் அவள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நோயாளியைப் பார்க்க நர்ஸுகள் வரிசையில் வந்ததை அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள், வீட்டில், உங்கள் மகன் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு. ஆவூரில் அடக்கம். வந்திருந்தவர்களில் வெள்ளைச் சீருடையோடு நேரே டூட்டியிலிருந்து வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

இப்போதும் வாரத்தில் நான்கு நாள் ஓட்டுகிறேன். என் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. ஆனால் உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது இல்லை.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் சாயங்காலம் போன் வரும். "நல்லா இருக்கியாம்மா?" "நல்லா இருக்கேன்டி. நீ?" "நல்லா இருக்கேம்மா." பல வருடமாக இதுதான் பேச்சு, சட்டென்று முடிந்துவிடும். நீங்கள் போன அந்த வாரம் அவள் கேட்டபோது, என் வாய் பழைய பதிலைச் சொல்லப் போய் நின்றது. "இல்லடி. முழங்கால் வலிக்குது. சரியாத் தூக்கமில்ல. சிஸ்டர் ஞாபகமாவே இருக்கு" என்றேன். அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. அன்று வெகுநேரம் பேசினாள். அப்படியே தினமும் நீண்டது. இன்றைக்கு சைக்கிளில் போனது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்கிறேன், இன்றைக்கு எதுவும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் கேட்டேன், நீ எப்படி இருக்கிறாய் என்று.

"அம்மா, எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கும்மா."

என் மகள் என்னிடம் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. ஏன், எதற்கு என்று நான் எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டுப் படு கண்ணு" என்றேன். போடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கு எழுதுகிற நடுவில், இன்று மதியம் அவளைக் கூப்பிட்டேன், மாப்பிள்ளைதான் போனை எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "இன்னும் தூங்குறா அத்தை, எழுப்பவா?" என்றார்.

வேண்டாம் என்றேன், சிஸ்டர்.